இட்லி மாவு இருந்தால் போதும்: நாலு மணிப் பசிக்குக் குழிப்பணியாரம்

எல்.கே.ஜி. விட்டு வரும் பிள்ளைக்கு ஷூவைக் கழற்றுவதற்குள் பசி வந்துவிடும். அந்தப் பசி இருபது நிமிடம் பொறுக்கும். அதைத் தாண்டினால் பிஸ்கட் டப்பா திறந்துவிடும், பிறகு ராத்திரிச் சாப்பாடும் போச்சு. எங்கள் வீட்டில் ஒரு வருடம் இப்படித்தான் ஓடியது. இட்லியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டவள், அதே மாவைக் குழிப்பணியாரமாக ஊற்றிக் கொடுத்தால் கைக்கொன்றாக எடுத்துக்கொண்டு ஓடினாள். உருண்டையாக இருக்கிறது, கைக்குள் அடங்குகிறது, யாரும் ஊட்ட வேண்டியதில்லை. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

முதல்முறை செய்கிறவர்களுக்காக எழுதுகிறேன். தெரிந்தவர்கள் நேராக நான்காவது படிக்குப் போய்விடலாம்.

1. கல்லைப் பழக்குங்கள்

ஏழு குழிக் கல் போதும். இரும்புக்கல் என்றால் வாங்கிய அன்றே மாவு ஊற்றாதீர்கள், சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். நன்றாகத் தேய்த்துக் கழுவி, அரிசி கழுவிய தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊற வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். பிறகு ஈரம் போகத் துடைத்து அடுப்பில் காயவைத்து, நல்லெண்ணெய் விட்டு, பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி ஒவ்வொரு குழியாகத் தேய்த்து, ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிடுங்கள். இவ்வளவு செய்தும் முதல் ஈடு ஒட்டத்தான் செய்யும். அது காக்கைக்கு.

நான்ஸ்டிக் கல்லுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. ஆனால் வெறும் கல்லை வெகுநேரம் சூடாக்கக்கூடாது, கம்பி போட்டுத் திருப்பவும் கூடாது. மரக்குச்சிதான்.

2. மாவின் பதம்

இரண்டு கப் இட்லி மாவு எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய இருபது பணியாரம், அதாவது மூன்று ஈடு வரும். கரண்டியைச் சாய்த்தால் மாவு தொப்பென்று விழ வேண்டும், ஓடக்கூடாது. தோசைக்காகத் தண்ணீர் விட்ட மாவுதான் இருக்கிறது என்றால் இரண்டு மேசைக்கரண்டி ரவையைக் கலந்து பத்து நிமிடம் வையுங்கள், கெட்டிப்பட்டுவிடும். காரப் பணியாரத்துக்கு லேசாகப் புளித்த மாவு இன்னும் நல்லது. ஆப்ப சோடா வேண்டவே வேண்டாம். புளித்த மாவு தானாகவே உப்பும்.

3. தாளிப்பும் காயும்

ஒரு டீஸ்பூன் எண்ணெயில் கால் டீஸ்பூன் கடுகு, அரை டீஸ்பூன் உளுத்தம்பருப்பு. கடலைப்பருப்பு போடுவது வழக்கம்தான், ஆனால் பல்லில் கடக்கென்று கடிபட்டால் பிள்ளை துப்பிவிடும், அதனால் நான் விட்டுவிட்டேன். பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் ஏழெட்டு, கிள்ளிப் போடாமல் மெல்லியதாக அரிந்த கறிவேப்பிலை, துளி இஞ்சித் துருவல். வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் நான்கு மேசைக்கரண்டி கேரட் துருவல் சேர்த்து ஒரு நிமிடம் வதக்கி இறக்குங்கள். பச்சை மிளகாய்க்குப் பதில் ஒரு சிட்டிகை மிளகுத்தூள். மாவில் உப்பு இருக்கும், காய்க்கு மட்டும் துளி போடுங்கள். ஆறியபின் மாவில் கலக்குங்கள்.

காய் அதிகமாக இருந்தால் நல்லதுதானே என்று அள்ளிப் போடாதீர்கள். தண்ணீர் விட்டு, திருப்பும்போது பணியாரம் இரண்டாகப் பிளந்துவிடும். முருங்கைக்கீரை என்றால் ஒரு கைப்பிடி, பொடியாக நறுக்கி. அவசர நாளில் ஒரு முட்டையை மிளகுத்தூளோடு அடித்து ஒரு கப் மாவில் கலந்தாலே போதும், வதக்கலே வேண்டாம்.

4. ஊற்றுவதும் திருப்புவதும்

கல்லை நடுத்தர தீயில் வையுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஓடி மறைய வேண்டும். குழிக்கு நாலைந்து சொட்டு எண்ணெய். இங்கேதான் பலரும் தவறு செய்வார்கள், நானும் செய்தேன்: நடுக்குழியில் முதலில் ஊற்றுவது. தீ நேராகப் படுவது நடுக்குழியில்தான், அதனால் அது முந்திக் கருகும். சுற்றியுள்ள ஆறு குழியையும் முதலில் ஊற்றிவிட்டு நடுவுக்குக் கடைசியில் வாருங்கள். எடுக்கும்போது நடுவிலிருந்து தொடங்குங்கள்.

முக்கால் குழிக்கு மேல் ஊற்றாதீர்கள். மூடி போட்டு, தீயைக் கொஞ்சம் குறைத்து இரண்டு மூன்று நிமிடம். திறந்து பாருங்கள்: மேலே சின்னச் சின்னதாகக் கண் விட்டிருக்கும், நடுவில் மட்டும் கொஞ்சம் ஈரம் இருக்கும், ஓரம் குழியை விட்டு லேசாகப் பிரிந்து நிற்கும். அந்த ஓரத்தில் குச்சியை நுழைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் பணியாரம் தானாகப் புரளும். புரள மறுத்தால் இழுக்காதீர்கள், இன்னும் அரை நிமிடம் விடுங்கள். வெந்தது தானே விடும். புரட்டியபின் மூடாமல் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். குச்சியால் குத்தினால் மாவு ஒட்டாமல் வர வேண்டும்.

அடுத்த ஈட்டுக்கு முன் குழிகளில் மறுபடியும் இரண்டு சொட்டு எண்ணெய்.

5. இனிப்பு வேண்டும் என்று அழுதால்

இதற்குப் புளித்த மாவு ஆகாது, அன்றைக்குப் பொங்கிய மாவாக இருக்கட்டும். ஒரு கப் மாவுக்குக் கால் கப் பொடித்த வெல்லம். மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் கரையவிட்டு வடிகட்டி (வெல்லத்தில் மண் இருக்கும்), ஆறவைத்துச் சேருங்கள். மாவு நெகிழும், அதற்குத்தான் இரண்டு மேசைக்கரண்டி கேழ்வரகு மாவு. ஏலக்காய் ஒரு சிட்டிகை, மசித்த வாழைப்பழம் பாதி. நன்றாகக் கனிந்த பழமாக இருந்தால் வெல்லத்தை இன்னும் குறைக்கலாம். வெல்லம் சீக்கிரம் கருகும், தீ சிம்மில் இருக்கட்டும்.

கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. அதற்காக இரண்டு கரண்டி போட்டுவிட்டு இன்றைக்குப் பால் வேண்டாம் என்று கணக்குப் போடாதீர்கள். வெல்லமும் சர்க்கரைதான், நிறம்தான் வேறு. எங்கள் வீட்டில் இனிப்புப் பணியாரம் வாரத்துக்கு ஒரு நாள்.

கொடுக்கும்போது

வெளியே ஆறியிருந்தாலும் உள்ளே ஆவி நிற்கும். முதலில் ஒன்றைப் பிட்டுப் பாருங்கள். ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளைக்கு முழுசாகக் கொடுக்காமல் நான்காகப் பிய்த்துக் கொடுங்கள், உட்கார வைத்து. கூடவே திராட்சை வைத்தால் நீளவாக்கில் நறுக்குங்கள். முழு வேர்க்கடலை நான்கு வயதுக்குள் வேண்டாம், தொண்டையில் அடைக்கும். தேன் தொட்டுக் கொடுக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டும் கூடாது.

தொட்டுக்கொள்ள, மிளகாய் இல்லாமல் தேங்காய், பொட்டுக்கடலை, உப்பு மட்டும் வைத்து அரைத்த சட்னி. அதுவும் இல்லாவிட்டால் கெட்டித் தயிர்.

ஒளித்து வைத்து ஊட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கீரையை மிக்ஸியில் அரைத்துக் கலந்த அன்று முதல் கடியிலேயே கண்டுபிடித்துவிட்டாள், அதற்குப் பிறகு ஒரு வாரம் வெள்ளைப் பணியாரத்தைக்கூடச் சந்தேகத்தோடுதான் பார்த்தாள். இப்போதெல்லாம் துருவலைத் தட்டில் வைத்து, "நீயே மாவில் போடு" என்று விட்டுவிடுகிறேன். பாதி தரையில் போகும், பரவாயில்லை. பீட்ரூட் பணியாரத்தை மூன்று முறை தொடவே இல்லை. நான்காவது முறை பெரியப்பா பையன் வந்திருந்தான், "ரோஸ் பணியாரம்" என்று அவன் இரண்டு எடுத்ததும் இவள் மூன்று எடுத்தாள். சில பிள்ளைகளுக்கு ஒரு புதுச் சுவை பழகப் பத்துத் தடவைகூட ஆகும், சலிக்காமல் ஒன்றே ஒன்று தட்டில் வையுங்கள். பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிறுநீரோ மலமோ சிவப்பாகப் போகலாம். முதல் தடவை பார்த்தபோது நான் டாக்டருக்குப் போன் போட்டுவிட்டேன்.

மறுநாள் டிபன் பாக்ஸுக்கு என்றால், காலையில் ஊற்றிப் பத்து நிமிடம் ஆறவிட்ட பிறகே மூடுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்து நசநசத்துவிடும். இடைவேளை ஸ்நாக்ஸுக்கு நாலு போதும்; ஆறு வைத்தால் இரண்டு திரும்பி வரும்.

மாவே இல்லாத நாளும் உண்டு. அன்றைக்கு அவல். அரை கப் கெட்டி அவலை இரண்டு தடவை அலசி, தண்ணீரை வடித்து ஐந்து நிமிடம் வையுங்கள், பூப்போல ஊறிவிடும். ஒரு கரண்டித் தேங்காய்த் துருவல், ஒரு டீஸ்பூன் வெல்லத்தூள், நறுக்கிய வாழைப்பழம் போட்டுப் பிசிறிக் கொடுங்கள். இனிப்பு வேண்டாம் என்றால் தயிரும் துளி உப்பும், மேலே மாதுளை முத்து. அடுப்பே பற்றவைக்க வேண்டாம்.