புல்லாங்குழலில் கீழ்ச் சுரம் பிசிறுகிறதா? விரலைத் திருப்பிப் பாருங்கள்

துளைகளை எல்லாம் மூடிச் சற்றே அழுத்தி, பத்து விநாடி கழித்து விரல்களைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு விரலின் சதையிலும் முழு வட்டமாகத் தடம் பதிந்திருக்க வேண்டும். பிறை மாதிரி அரைகுறையாக இருந்தால் காற்று கசிவது அந்த விரலில்தான். பெரும்பாலும் மோதிர விரலாக இருக்கும்.

மந்தர ஸ்தாயியில், அதாவது கீழ்ச் சுரங்களில், குழலின் நீளம் முழுக்கக் காற்று அதிர வேண்டும். மேல் துளை ஒன்றில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் சுரம் உடையும், அல்லது ஒரு ஸ்தாயி மேலே தாவும். உடனே எல்லோரும் பலமாக ஊதுவார்கள். அது தாவலை இன்னும் மோசமாக்கும். விரல் நுனியை விட்டு, அடுத்துள்ள சதைப்பகுதியைத் தட்டையாக வையுங்கள். மணிக்கட்டை லேசாகத் திருப்பினாலே பாதி சரியாகும்.

அழுத்துவது சோதனைக்கு மட்டும். வாசிக்கும்போதும் அழுத்தினால், சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் வராது.

தடம் முழுசாக இருந்தும் பிசிறினால் மூங்கிலில் கீறல் இருக்கலாம். வாய்த்துளை உட்பட எல்லாவற்றையும் செலோ டேப்பால் ஒட்டி, திறந்த முனையில் மெல்ல ஊதுங்கள். காற்று எங்கோ வெளியேறினால் கீறல்தான். சாவி மூடிகள் உள்ள மேற்கத்திய உலோகக் குழலுக்கு இந்தத் தடச் சோதனை உதவாது.