குமரி மழைக்கு நடுவே வீட்டுக்குள் நாற்று எடுக்கலாம்

குளிர் நாடுகளில் பனிக்குப் பயந்து விதையை வீட்டுக்குள் முளைக்க வைப்பார்கள். நமக்குப் பயம் மழைதான். ஜூனில் இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. திறந்த பாத்தியில் தூவிய விதை ஒரே மழையில் ஓடிவிடும். அதனால் நாற்றை உள்ளேயே எடுப்போம், சிட்அவுட்டோ (வீட்டு முன்திண்ணை) வெளிச்சமுள்ள ஜன்னலோ போதும்.

தக்காளி, கத்தரி, மிளகாய், கேந்தி (செண்டுமல்லி), கோழிக்கொண்டை ஆகியவற்றை நாற்றாக எடுங்கள். வெண்டை, பயறு, பூசணியை நேரே மண்ணில் ஊன்றுங்கள். பிடுங்கி நட்டால் அவை சுணங்கிவிடும். தோவாளைச் சந்தைப் பூவை உதிர்த்துக் கேந்தி போட நினைக்காதீர்கள், பெரும்பாலும் விதை முற்றியிருக்காது.

முதலில் தென்னை நார்த்தூள். இங்கே சுலபமாகக் கிடைக்கும், ஆனால் உப்பு இருக்கும். வாளியில் ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீரில் காப்பி நிறம் போகும்வரை மாற்றி மாற்றி அலசுங்கள். பிறகு இரண்டு பங்கு நார்த்தூளுக்கு ஒரு பங்கு மண்புழு உரம்.

குழித்தட்டுதான் என் கட்சி. பேப்பர் கப் நனைந்து பூசணம் பிடிக்கும். தட்டில் நாற்று வேர்க்கட்டோடு முழுசாக வரும். குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். மேலே நனைந்த சாக்கு.

இனிமேல்தான் கவனம் வேண்டும். தக்காளி ஒரு வாரத்துக்குள் எட்டிப் பார்க்கும், மிளகாய்க்குப் பத்து நாள்கூட ஆகும். முதல் முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட்டு, தட்டை வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் தண்டு வெளுத்து நீண்டு சாயும். நம்மூர் ஈரக்காற்றில் அடுத்து வருவது நாற்றழுகல். மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நூலாய்ச் சுருங்கி, இலை பச்சையாக இருக்கும்போதே நாற்று படுத்துவிடும். படுத்தது எழும்பாது. மேலே தண்ணீர் தெளிக்காமல், தட்டை நீருள்ள தாம்பாளத்தில் வைத்து, மேல்பரப்பு நனைந்ததும் எடுத்துவிடுங்கள். விரலால் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் மறுபடி. மழைநாளில் மின்விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள். விதைக்கும் முன்பே ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (அழுகலைத் தடுக்கும் நல்ல பூசணத் தூள்) என்பது கணக்கு. வீட்டு அளவுக்கு ஒரு சிட்டிகையில் புரட்டினால் சரி.

நாலைந்து இலை வந்ததும் ஒரு வாரம் காலை வெயிலில் பழக்கி, மாலையில் நடுங்கள். தக்காளிக்கு 25 நாள், மிளகாய்க்கு 35 நாள் ஆகும்.

பிறகு சேர்த்தது: கேந்தி விதை முளைக்கவேயில்லை என்று சிலர் சொன்னார்கள். தட்டைக் கிளறிப் பாருங்கள், விதையே இல்லையென்றால் எறும்பு தூக்கியிருக்கும். தண்ணீர் ஊற்றிய நாலு கிண்ணங்களில் செங்கலை நிறுத்தி, தட்டை அதன்மேல் வையுங்கள்.