செக்ஸ்டன்ட்டும் லேப்டாப்பும்: நாகைக் கடலில் சூரியனை வைத்து இடம் பார்க்கும் முறை

ஜிபிஎஸ் நின்றுபோனால் கடலில் நாம் எங்கே இருக்கிறோம் என்று சொல்ல இன்றும் சூரியனும் விண்மீன்களும் போதும். முன்பு பஞ்சாங்கம் போன்ற அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டி அரை மணி நேரம் கணக்குப் போட வேண்டும். இப்போது அதை மென்பொருள் நொடியில் முடித்துவிடும். ஆனால் நாம் தவறாகக் கொடுத்ததைத் திருத்தும் வேலையை அது செய்யாது. தரங்கம்பாடியிலிருந்து கோடியக்கரை வரையுள்ள நம் கரையில் தவறு நேரும் இடங்கள் குறிப்பிட்ட சில. அவற்றையே இங்கே அதிகம் பேசப்போகிறேன்.

வேண்டியவை: ஒரு செக்ஸ்டன்ட் (தொடுவானத்திலிருந்து சூரியன் எத்தனை டிகிரி உயரத்தில் இருக்கிறது என்று அளக்கும் கருவி), நொடி சரியாகக் காட்டும் கைக்கடிகாரம், லேப்டாப், அதில் ஓப்பன்சிபிஎன் (கடல் வரைபட மென்பொருள்), ஸ்டெல்லாரியம் (வானத்தைத் திரையில் காட்டுவது). இரண்டு மென்பொருளும் இலவசம். ஓப்பன்சிபிஎன்னின் பிளகின் (கூடுதலாகச் சேர்க்கும் பகுதி) பட்டியலில் 'செலஸ்டியல் நேவிகேஷன்' இருக்கும். கரையில் நெட் கிடைக்கும்போதே அதை இறக்கி வைத்துவிடுங்கள். போன் செயலிகளும் உண்டு. வெயிலில் திரை தெரியாது, ஈரக் கையில் தொடுதிரை கேட்காது என்பதால் லேப்டாப்பையே சொல்வேன். பழகுவதற்கு பிளாஸ்டிக் செக்ஸ்டன்ட் போதும். வெயில் பட்டால் அதன் பிழை மாறிக்கொண்டே இருக்கும், அதனால் ஒவ்வொரு அளவுக்கு முன்னும் பின்னும் பிழையைச் சரிபாருங்கள்.

முதல் பயிற்சி, காலைச் சூரியன்

கிழக்கே முழுக்கக் கடல் இருப்பது நமக்கு வாய்த்த வசதி. தரங்கம்பாடிக் கோட்டைக்கு முன்னாலோ நாகை கடற்கரையிலோ நில்லுங்கள். சூரியன் 15 டிகிரிக்கு மேல் ஏறட்டும். அதற்குக் கீழே காற்றில் ஒளி வளைவது அதிகம், நம்ப முடியாது.

செக்ஸ்டன்ட்டை பூஜ்யத்தில் வைத்துத் தொடுவானத்தைப் பாருங்கள். கோடு உடைந்து தெரிந்தால் டிரம்மை (நுண்ணளவு காட்டும் திருகு) திருப்பி ஒன்றாக்குங்கள். இப்போது டிரம் காட்டுவதுதான் கருவிப் பிழை. பூஜ்யத்துக்கு மேல் 2 நிமிடம் (கோண அளவில் 60 நிமிடம் ஒரு டிகிரி; ' குறியும் அதுவே) காட்டினால், அளவிலிருந்து 2 நிமிடம் கழிய வேண்டும். எந்தக் குறி போடுவது என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். போட்ட பிறகு திருத்திய உயரம் குறைகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கறுப்புக் கண்ணாடிகளைப் போட்ட பிறகே சூரியனைப் பாருங்கள். அதைத் தொடுவானம் வரை இறக்கி, கருவியை ஊசல்போல் இடம் வலமாக ஆட்டுங்கள். சூரியன் ஒரு வில்லாக ஏறி இறங்கும். வில்லின் அடியில் அதன் கீழ் விளிம்பு கடலைத் தொடும் நொடியில் நேரத்தைக் குறியுங்கள். முதலில் நொடி, பிறகு நிமிடம், பிறகு மணி, கடைசியாகக் கோணம். 4 நொடி பிசகினால் தீர்க்கரேகை 1 நிமிடம் பிசகும்; நம் ஊரில் அது சுமார் 1.8 கிலோமீட்டர்.

மென்பொருளில் சூரியன், கீழ் விளிம்பு, நேரம், கோணம், கருவிப் பிழை, கண் உயரம் ஆகியவற்றைக் கொடுத்தால் வரைபடத்தில் ஒரு கோடு விழும்; அந்தக் கோட்டில் எங்கோ நீங்கள் இருக்கிறீர்கள் என்று பொருள். நீங்கள் நிற்கும் மணலை ஒட்டி அது போக வேண்டும். 2 கடல் மைலுக்குள் வந்தால் முதல் நாளுக்கு நல்ல அளவு.

கண் உயரம் என்பது காலிலிருந்து கண் வரை அல்ல, கடல் மட்டத்திலிருந்து கண் வரை. மணல்மேட்டில் நின்றால் மேட்டின் உயரத்தையும் சேர்க்க வேண்டும். கண் உயர உயரத் தொடுவானம் சற்றுக் கீழே தெரியும்; இந்தத் தொடுவானத் தாழ்வு 2 மீட்டருக்கு 2.5 நிமிடம், 4 மீட்டருக்கு 3.5 நிமிடம். இதில் பிசகினால் ஒரு கடல் மைல் போய்விடும்.

ஐந்தரை மணி நேரம்

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். பிளகின் கேட்பது யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். நம் நேரத்தில் 5.30 கழிக்காமல் போட்டால் கோடு 82 டிகிரிக்கு மேல் தள்ளிப்போய் எங்கோ விழும். அது உடனே கண்ணில் படும். கண்ணில் படாத பிழை ஒன்று உண்டு. விடியற்காலை 5.20க்கு சுவாதியையோ சித்திரையையோ அளந்தால் யூடிசியில் அது முந்தின நாள் 23.50. மணியை மாற்றிவிட்டுத் தேதியை மறந்தால் விண்மீன் கோடு ஏறத்தாழ 1 டிகிரி நகரும். படகு 58 கடல் மைல் வரை தள்ளி இருப்பதாகக் காட்டும். நடுக்கடலில் அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கைக்கடிகாரம் ஒன்றை யூடிசியிலேயே வைத்து, தேதியும் காட்டும்படி செய்துவிடுங்கள்.

நண்பகல் அளவு

நாகையில் உச்சி வேளை 12 மணி அல்ல. நம் நாட்டு நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கானது. நாம் அதற்கு மேற்கே இருப்பதால் சராசரியாக 12.10க்கு மேல்தான் சூரியன் உச்சிக்கு வரும். பிப்ரவரி நடுவில் 12.25 வாக்கில், நவம்பர் தொடக்கத்தில் 11.54 வாக்கில். அன்றைய நேரத்தை ஸ்டெல்லாரியத்தில் பார்த்து, 10 நிமிடம் முன்பே தொடங்குங்கள். கோணம் ஏறி, நின்று, இறங்கும். உச்ச அளவே வேண்டியது.

ஆனால் நம் கரை வடக்குத் தெற்காக ஓடுகிறது. நாகையில் நின்றால் தெற்கே கரைதான் தெரியும், கடல் தொடுவானம் இல்லை. கரை மேற்கே திரும்பும் கோடியக்கரையில் தெற்கே பாக் நீரிணை திறந்து கிடக்கிறது. மார்கழி, தை, மாசியில் அங்கே போங்கள், அல்லது படகில் வெளியே போங்கள்.

டிசம்பர் 22ஐ வைத்து ஒரு கணக்கு. அளவு 56° 06'. கருவிப் பிழை 2' கழித்தால் 56° 04'. கண் உயரம் 2 மீட்டர், தாழ்வு 2.5' கழித்தால் 56° 01.5'. சூரியனின் அரை விட்டத்தைக் கூட்டி ஒளிவளைவைக் கழித்தால் நிகரம் 15.8' கூடும்: 56° 17.3'. 90லிருந்து கழிக்க 33° 42.7'. அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 23° 26'. அதைக் கழித்தால் அட்சரேகை 10° 16.7' வடக்கு. கோடியக்கரைதான்.

இதே சூத்திரத்தை ஜூனில் போட்டால் கெட்டது. ஏப்ரல் 18 வாக்கில் சூரியன் நாகையின் தலைக்கு மேல் வந்து, பிறகு ஆகஸ்ட் 24 வரை நண்பகலில் நமக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் 21 அன்று கோடியக்கரையில் உயரம் 76° 51', மிச்சம் 13° 09'. இப்போது 23° 26'லிருந்து 13° 09'ஐக் கழிக்க வேண்டும்: 10° 17'. கூட்டினால் 36° 35', இமயத்துக்கும் அப்பால். எந்தத் திசையைப் பார்த்து அளந்தீர்கள் என்பதைக் குறிப்பேட்டில் எழுதியே ஆக வேண்டும். ஓப்பன்சிபிஎன்னில் உத்தேச இடத்தைக் கொடுத்துக் கோடாக வரையவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. தலைக்கு நேர் மேலே வரும் அந்த வாரங்களில் திசை மிக வேகமாக மாறுவதால் நண்பகல் அளவை விட்டுவிட்டு, விடியலிலோ அந்தியிலோ வெவ்வேறு திசையிலுள்ள இரண்டு விண்மீன்களின் கோடுகளை வெட்டவிடுங்கள். இடையில் படகு நகர்ந்த தூரத்தையும் திசையையும் 'ஷிஃப்ட்' பகுதியில் கொடுக்க மறக்க வேண்டாம்.

பின்னர் சேர்த்தது: தட்டில் பழைய இன்ஜின் ஆயில் ஊற்றி அதில் தெரியும் சூரியனோடு செக்ஸ்டன்ட்டில் இறக்கிய சூரியனைப் பொருத்தினால், கடல் தெரியாத ஊரிலும் பழகலாம். கருவிப் பிழையைத் திருத்திய பின் அளவைப் பாதியாக்குங்கள். கண் உயரம் பூஜ்யம். டிசம்பரில் சரியாக வரும். ஜூனில் இரட்டைக் கோணம் 150 டிகிரியைத் தாண்டும். செக்ஸ்டன்ட் 120 டிகிரி அளவோடு நின்றுவிடும்.

துருவ நட்சத்திரம் எளிது என்று பல இடங்களில் படிப்பீர்கள். நம்மிடம் அது 10, 11 டிகிரி உயரத்தில் மங்கலில் கிடக்கிறது. துருவத்திலிருந்து அரை டிகிரிக்கு மேல் விலகியும் இருக்கிறது. ரோகிணி, திருவாதிரை, அகத்தியம் நல்லவை. எது எங்கே என்று ஸ்டெல்லாரியத்தில் முன்னிரவே குறித்துக்கொள்ளுங்கள். தொடுவானமும் விண்மீனும் சேர்ந்து தெரிவது இருபது, இருபத்தைந்து நிமிடம்தான்.

ஆடும் படகில் ஓரிரு மைல் பிழை இயல்பு. ஆகவே கோடியக்கரைக்குத் தெற்கே சர்வதேச எல்லைக் கோட்டை இந்த முறையால் ஒருபோதும் தீர்மானிக்காதீர்கள். ஜிபிஎஸ் இல்லையென்றால் வடமேற்கே திருப்பிக் கரையை நோக்கி வாருங்கள்.