ஒரு சாண் தண்ணீர்தான் கணக்கு

110 சிசி ஸ்கூட்டர்கள் பலவற்றில் பின்சக்கர ரிம் 10 அங்குலம். டயரோடு சேர்த்தால் அச்சு தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் உயரத்தில் நிற்கும். சைலன்சர் வாய் அதற்குச் சற்று மேலே. ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னைக்குள் வண்டி ஓட்ட இந்த ஒரு சாணை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

தெருவில் இறங்கி யார் அளப்பது? பிளாட்பாரக் கல்லைப் பாருங்கள், பெரும்பாலும் 15 செ.மீ. கல் தலை தெரிந்தால் போகலாம். முழுகியிருந்தால், எதிரில் வரும் ஆட்டோவின் சக்கரத்தைக் கவனியுங்கள். பாதிச் சக்கரம் தண்ணீருக்குள் என்றால் உங்கள் ஒரு சாண் அங்கேயே தீர்ந்துவிட்டது, திருப்பிவிடுங்கள். பஸ் போகிறதே என்று பின்னால் போவது வேண்டாம். பஸ் கிளப்புகிற அலை சைலன்சரை மட்டுமல்ல, சீட்டுக்கடியில் இருக்கும் ஏர் ஃபில்டரையும் எட்டும்.

துரைசாமி, அரங்கநாதன், கணேசபுரம் சப்வேக்களில் இந்தக் கணக்கு எடுபடாது. வாசலில் கணுக்கால் அளவு தெரியும், நடுவில் ஆளையே முழுக்கும். மாம்பலத்திலிருந்து தி.நகர் போக கோடம்பாக்கம் மேம்பாலம் சுற்றுதான், ஆனால் வண்டி ஓடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இன்னும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். ஊரே தட்டை, கடல் ஏற்றத்தில் இருக்கும்போது அடையாறும் கூவமும் தண்ணீரை வெளியே தள்ள முடியாமல் திணறும், மழை விட்டும் தெரு வடியாது.

தண்ணீருக்குள் இறங்கினால் வேகம் 10 கிலோமீட்டரைச் சுற்றியே இருக்கட்டும். ஆக்சிலேட்டரை ஒரே சீராகப் பிடியுங்கள். விட்டுவிட்டு முறுக்கினால் புகையின் அழுத்தம் குறைகிற நொடியில் சைலன்சருக்குள் தண்ணீர் ஏறும். கியர் வண்டி என்றால் முதல் கியர், கிளட்சைப் பாதி பிடித்து. முன்னால் போன வண்டி போன தடத்திலேயே போங்கள். தண்ணீர் சுழித்து இறங்கும் இடம் மூடியில்லாத மேன்ஹோலாக இருக்கலாம். ஈ.பி. பெட்டி, தெருவிளக்குக் கம்பம் பக்கம் ஒதுங்கவே கூடாது. வெளியே வந்ததும் இரண்டு பிரேக்கையும் லேசாகப் பிடித்தபடி ஐம்பதடி ஓட்டுங்கள். டிரம்முக்குள் ஈரம் இருக்கும்வரை பிரேக் பிடிக்காது, இது தெரியாமல் முதல் சிக்னலிலேயே முன்வண்டியில் மோதுகிறவர்கள் உண்டு.

எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை என்றால், ஸ்கூட்டரில் பின்சக்கரத்தைச் சுழற்றும் பெல்ட் நனைந்து வழுக்குகிறது. சென்டர் ஸ்டாண்டில் போட்டு ஐந்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டால் பெரும்பாலும் காய்ந்துவிடும். சேறு புகுந்திருந்தால் இடப்பக்க மூடியைக் கழற்றித்தான் துடைக்க வேண்டும்.

நடுத்தண்ணீரில் வண்டி நின்றுவிட்டதா? செல்ஃபைத் தொடாதீர்கள். பெரிய செலவு வைப்பது அந்த ஒரு அழுத்தம்தான். சிலிண்டருக்குள் போன தண்ணீரைக் காற்றைப் போல அமுக்க முடியாது. பிஸ்டன் முட்டி கனெக்டிங் ராடு வளையும். சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசியில் இதற்குப் பணம் வருவது கடினம், எஞ்சின் பாதுகாப்பு தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். சாவியை அணைத்து, மேடான இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றி, சாவி அணைந்தபடியே கிக்கரை ஏழெட்டு முறை மெதுவாக மிதியுங்கள். ப்ளக் துளை வழியே தண்ணீர் பீய்ச்சினால் அது நிற்கும்வரை மிதிக்கலாம். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். காகித ஃபில்டர் நனைந்திருந்தால் பிழிந்து காயவைத்துப் பயனில்லை, புதிதுதான். பிறகு எஞ்சின் ஆயிலை அளக்கும் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போய் மாற்றுங்கள். அப்படியே ஸ்கூட்டரின் பின்சக்கரப் பக்கம் தனியாக இருக்கும் கியர் ஆயிலையும் மாற்றச் சொல்லுங்கள். அது 100 மில்லி சொச்சம்தான், ஆனால் கடைக்காரர் தானாகச் செய்ய மாட்டார்.

வண்டி ஓடுகிறது, ஆனால் இடையிடையே இழுத்து நிற்கிறது என்றால் டேங்கைச் சந்தேகப்படுங்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது தண்ணீரை இழுத்துக்கொண்டு அடியில் தங்கும். டேங்க் மூடி ரப்பர் வெடித்திருந்தால் மழைக்கு முன்பே மாற்றிவிடுவது மலிவு.

டயர் பள்ளம் 0.8 மி.மீ.க்குக் கீழே போனால் சட்டப்படியே ஓட்டக்கூடாது. நடைமுறையில் 1.5 வந்ததுமே மாற்றுவது நல்லது, மெட்ரோ வேலைக்காகப் போட்ட இரும்புத் தகடுகளில் வழுக்கை டயர் நிற்காது. ரெயின்கோட் மேல் கீழ் இரண்டு துண்டாக வாங்குங்கள்; பேன்ட் ஷூவுக்கு வெளியே வரட்டும், உள்ளே சொருகினால் ஷூவில்தான் தண்ணீர் சேரும்.