சுவரில் உள்ள பழைய கேபிள் டிவி ஒயரில் ஈதர்நெட் கொண்டுபோவது எப்படி?

நியூ ஜெர்சியில் எங்கள் வீடு கேபிள் டிவி கோலோச்சிய காலத்தில் கட்டியது. ஈதர்நெட் ஒயர் ஓர் அறையில்கூடக் கிடையாது. ஆனால் படுக்கையறை வரைக்கும் சுவருக்குச் சுவர் கோஆக்ஸ் (கேபிள் டிவி ஒயர்) முனை உண்டு. ரவுட்டர் கீழே, என் அலுவல் மேசை மாடிக் கோடியில். வைஃபையோடு மல்லுக்கட்டிய பிறகு மோக்காவுக்கு (MoCA) வந்தேன். கோஆக்ஸ் ஒயரிலேயே ஈதர்நெட்டைக் கொண்டுபோகும் தொழில்நுட்பம் அது. வீட்டு மின்சார ஒயரில் நெட்டைக் கொண்டுபோகும் பவர்லைன் அடாப்டரை நான் யாருக்கும் சொல்வதில்லை. மிக்ஸி ஓடினாலே அதன் வேகம் படுத்துவிடும்.

கேபிள் டிவியும் கேபிள் இன்டர்நெட்டும் பெரும்பாலும் 1002 மெகாஹெர்ட்ஸுக்குள் ஓடுகின்றன. மோக்கா 1125 முதல் 1675 வரை ஓடுகிறது. அதனால் ஒரே ஒயரில் இரண்டும் போகலாம்.

மோக்கா 2.5 அடாப்டர் இரண்டு வாங்குங்கள். பிராண்டில் என் ஓட்டு கோகோஆக்ஸுக்கு (goCoax). இணைப்பு வேகத்தை பிரவுசரிலேயே காட்டும். அடாப்டரின் ஈதர்நெட் போர்ட் 1 ஜிகாபிட்டா, 2.5 ஜிகாபிட்டா என்று பார்த்து வாங்குங்கள். வெரைசானின் ஃபைபர் இன்டர்நெட்டான ஃபையாஸ் ரவுட்டர்கள் பலவற்றில் மோக்கா உள்ளேயே இருக்கும். அப்படியானால் ஒன்றே போதும்.

வந்ததும் சுவரில் மாட்டாதீர்கள். இரண்டையும் ஒரே மேசையில் வைத்து, சின்ன கோஆக்ஸ் துண்டால் நேராக இணைத்து வேகத்தைப் பாருங்கள். பிறகு தகராறு வந்தால் குற்றவாளி அடாப்டரா ஒயரா என்ற குழப்பம் இருக்காது. அடுத்து ஒன்று ரவுட்டர் பக்கம், ஒன்று மாடியில். அவ்வளவுதான் என்று பெட்டியில் போட்டிருக்கும்.

எனக்கு விளக்கெல்லாம் பச்சையாக எரிந்தது, வேகம் மட்டும் வரவில்லை. காரணம் ஸ்பிளிட்டர், அதாவது ஒரு ஒயரைப் பல அறைகளுக்குப் பிரித்துவிடும் சின்னப் பெட்டி. எல்லா அறை ஒயர்களும் எங்கோ ஓரிடத்தில் கூடும்: பேஸ்மென்ட், கராஜ், இல்லையென்றால் வெளிச்சுவர்ப் பெட்டி. எங்கள் பெட்டியில் இருந்த எட்டு வழி ஸ்பிளிட்டரின் மேல் "5–1002" என்று அச்சிட்டிருந்தது. மோக்கா ஓடும் இடமே அதற்கு மேலேதான்! சிக்னல் அதைத் தாண்டிக் கொஞ்சம்தான் போகும், முழுதாகப் போகாது. 5–1675 என்று போட்டிருப்பதாக வாங்குங்கள், தேவைக்கு மேல் பெரிதாக வேண்டாம். இரண்டு வழியில் 3.5 டெசிபல் அளவுக்குத்தான் இழப்பு. எட்டு வழியில் அது 11ஐத் தொடும். பயன்படுத்தாத அறை ஒயர்களைக் கழற்றிவிட்டு, காலி போர்ட்களில் 75 ஓம் டெர்மினேட்டர் (முனையை அடைக்கும் மூடி) மாட்டுங்கள். பழைய டிவி ஆம்ப்ளிஃபயர் நடுவில் இருந்தால் அதையும் பாருங்கள். பலவும் மோக்காவைத் தாண்ட விடாது.

எந்த ஒயர் எந்த அறைக்கு என்று தெரியாவிட்டால், மேல் அடாப்டரை மாட்டிவைத்து, கீழே கழற்றியிருக்கும் ஒவ்வொரு ஒயரிலும் மற்ற அடாப்டரை இணைத்துப் பாருங்கள். இணைப்பு வருவதுதான் உங்கள் ஒயர். கையோடு பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள்.

அப்புறம் மோக்கா ஃபில்டர். வெளியிலிருந்து வரும் ஒயருக்கும் முதல் ஸ்பிளிட்டருக்கும் நடுவே திருகவேண்டும். உங்கள் சிக்னல் தெருவுக்குப் போகாமல் தடுக்கும், உள்ளேயே திருப்பியும் அனுப்பும். இதைத் தவிர்க்காதீர்கள், அடாப்டரில் பாஸ்வேர்டும் வையுங்கள். ஃபைபர் இன்டர்நெட் நேராக ஈதர்நெட்டில் வந்து, கோஆக்ஸ் சும்மா கிடக்கிறதென்றால் வெளி ஒயரையே கழற்றிவிடலாம், ஃபில்டர் வேண்டாம்.

பின்சேர்க்கை: மோக்கா வந்ததும் மோடம் விட்டுவிட்டு அறுந்தது என்று ஒருவர் சொன்னார். அது டாக்சிஸ் 3.1 (DOCSIS, கேபிள் இன்டர்நெட்டின் தரநிலை) மோடம். அந்த வகை 1218 மெகாஹெர்ட்ஸ் வரை போகும், அதனால் மோக்காவின் மேல் ஏறிவிடும். மோடத்தின் கோஆக்ஸ் முனையில் இன்னொரு ஃபில்டர் மாட்டிப் பார்க்கச் சொன்னேன், சரியாகிவிட்டது.

சென்னை வீட்டு டிடிஎச் ஒயரில் முடியுமா என்றும் கேட்கிறார்கள். டிஷ் ஓடும்போது முடியாது. டிஷ்ஷிலிருந்து வரும் சிக்னல் 950 முதல் 2150 வரை, மோக்காவின் இடம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். டிஷ்ஷை விட்டுவிட்டு ஓடிடிக்கு மாறியவர்கள், இரண்டு அறைக்கு ஒயர் ஓடியிருந்தால், டிஷ் முனையைக் கழற்றிவிட்டுத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.