தோற்ற தேர்தலுக்குப் பிறகு தவிர்க்க வேண்டிய தவறுகள்: மலேசியா 2013-ஐ முன்வைத்து

2013 மே 5 அன்று மலேசியாவில் 13-வது பொதுத் தேர்தல் நடந்தது. ஓட்டுப் போட்டவர்களில் 50.87 விழுக்காட்டினர் எதிர்க்கட்சிகளின் மக்கள் கூட்டணியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆளும் தேசிய முன்னணிக்குக் கிடைத்தது 47.38 விழுக்காடு. ஆனால் 222 நாடாளுமன்ற இடங்களில் 133 தேசிய முன்னணிக்குப் போயின, எதிரணிக்கு 89. சுதந்திரம் கிடைத்த 1957-லிருந்து ஆண்டுவந்த அதே அணி மறுபடியும் ஆட்சியில் உட்கார்ந்தது.

ஏறத்தாழ 85 விழுக்காடு வாக்குப்பதிவு நடந்த தேர்தல் அது. வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் டிக்கெட் எடுத்து ஊருக்கு வந்து வரிசையில் நின்றார்கள். இவ்வளவும் செய்து, அதிக ஓட்டும் வாங்கி, அப்புறமும் தோற்றால் மனசு என்ன பாடுபடும்? 'இனி ஓட்டுப் போட்டு என்ன ஆகப்போகிறது' என்று கேட்டவர்களை என்னால் குறை சொல்ல முடியாது. அதே ஆட்சி 2018 மே 9 அன்று ஓட்டுப்பெட்டி வழியாகவே போனது.

தேர்தல் முடிவால் மனம் உடைந்தவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், எந்தக் கட்சியை ஆதரித்தவராக இருந்தாலும், நான் அவருக்கு அந்த ஐந்து வருடங்களைத்தான் காட்டுவேன். நம்பிக்கை எதிலிருந்து பிறந்தது, எதெல்லாம் அதை வீணாக்கியது என்ற இரண்டும் அதில் தெளிவாகத் தெரிகின்றன.

மொத்தக் கணக்கோடு நின்றுவிடுவது

முதல் தவறு, 133க்கு 89 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு முடிவுப் பட்டியலை மூடிவிடுவது. அந்தப் பட்டியலைத் தொகுதி தொகுதியாகப் பிரித்துப் பார்த்தால் வேறு கதை கிடைக்கிறது. தீபகற்ப மலேசியாவின் 165 தொகுதிகளில் தேசிய முன்னணி 85, எதிரணி 80. வெறும் ஐந்து இடம்தான் வித்தியாசம். தோல்வி நடந்தது கடலுக்கு அப்பால், போர்னியோ தீவுப் பக்கம். சபா, சரவாக், லாபுவான் மூன்றிலும் சேர்த்து 57 இடங்கள். அதில் எதிரணிக்குக் கிடைத்தது ஒன்பதே ஒன்பது.

இது தெரிந்துவிட்டால் கேள்வியே மாறிவிடுகிறது. 'ஏன் நாடே நம்மைக் கைவிட்டது' என்பது பதில் இல்லாத கேள்வி. 'சபாவில் நாம் ஏன் யாருக்கும் தெரியாதவர்களாக இருக்கிறோம்' என்பது வேலை கொடுக்கிற கேள்வி. கோலாலம்பூரில் எழுதிய பிரச்சாரம் போர்னியோவின் உட்புறக் கிராமங்களுக்குப் பெரிதாகப் போய்ச் சேரவில்லை. சபாவின் மனக்குறை சபாக்காரர்களின் கட்சி ஒன்றின் வழியாகத்தான் வெளிப்பட முடியும் என்று அங்குள்ளவர்கள் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஷாஃபி அப்டால் தேசிய முன்னணியின் முதன்மைக் கட்சியான அம்னோவை விட்டு வெளியேறி 2016-இல் வாரிசான் கட்சியைத் தொடங்கினார். 2018-இல் அந்தக் கட்சி நாடாளுமன்றத்துக்கு எட்டு இடங்களைக் கொண்டுவந்தது.

மாநில முடிவுகளையும் அன்றைக்குப் பலர் கவனிக்கவில்லை. அதே இரவில் எதிரணி சிலாங்கூரில் 56-க்கு 44 இடங்களும், பினாங்கில் 40-க்கு 30 இடங்களும் எடுத்தது. 2008-இல் முதல்முறை கிடைத்த அந்த இரண்டு மாநிலங்களையும் மக்கள் முன்பைவிடப் பலமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். சிலாங்கூர் வீடுகளுக்கு மாதம் 20 கன மீட்டர் தண்ணீர் இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. நல்ல நிர்வாகம் என்று மேடையில் சொல்வதை விட்டுக் கையில் காட்ட முடிகிற இடம் அது. தேசிய முடிவு மட்டுமே முடிவு என்று நினைத்தவர்களுக்கு அன்று இருந்த பெரிய பலம் கண்ணில் படவே இல்லை.

உங்கள் ஊரிலும் இதைச் செய்யலாம். இந்தியாவில் படிவம் 20 என்ற பட்டியலில் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் யாருக்கு எத்தனை ஓட்டு விழுந்தது என்பது இருக்கும். இலங்கையிலும் மாவட்ட முடிவோடு தேர்தல் தொகுதி வாரியான முடிவும் வெளியாகிறது. நீங்கள் வசிக்கும் பகுதியில் போன தேர்தலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று பொறுமையாக உட்கார்ந்து பாருங்கள். தொலைக்காட்சி விவாதங்களில் கிடைக்காத விஷயம் அதில் இருக்கிறது.

யார் மேலாவது பழி போடுவது

முடிவு வந்த இரவிலேயே பிரதமர் நஜிப் ரசாக் இதற்குச் 'சீன சுனாமி' என்று பெயர் வைத்தார். ஜெயித்தவர் சொன்னது அது. நகரத்து மலாய்க்காரர்களும் எதிரணிக்கு ஓட்டுப் போட்டிருந்தார்கள் என்பதையும், பிளவு இனத்தைவிட நகரம், கிராமம் என்ற கோட்டில்தான் அதிகம் ஓடியது என்பதையும் பிறகு வந்த அலசல்கள் எடுத்துச் சொன்னன. ஆனால் முதலில் சொன்ன சொல்தான் நாடு முழுக்க நின்றது.

தோற்றவர்கள் பக்கமும் இதே தவறு நடந்தது. கிராமத்துக்காரர்கள் காசுக்கும் அரிசிக்கும் ஓட்டை விற்றுவிட்டார்கள் என்று நகரத்தில் பேசினார்கள். இந்தப் பேச்சு எனக்குக் கோபம் வரவைப்பது. ஒரு மனிதரை முட்டாள் என்று சொல்லிவிட்டு ஐந்து வருடம் கழித்து அவர் வீட்டு வாசலில் போய் நின்றால் அவர் எதற்காகக் கதவைத் திறக்க வேண்டும்?

தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தத் தேர்தல் இன்னும் கடினமானது. 2007 நவம்பரில் கோலாலம்பூர் தெருக்களில் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டிய, மலேசிய இந்தியர் உரிமைக்கான இண்ட்ராஃப் இயக்கத்தின் ஒரு பிரிவு, வேதமூர்த்தி தலைமையில், 2013 ஏப்ரலில் தேசிய முன்னணியோடு ஒப்பந்தம் போட்டது. ஒரே வீட்டில் அப்பா தேசிய முன்னணியிலிருந்த மலேசிய இந்தியக் காங்கிரஸ் (ம.இ.கா.), அண்ணன் எதிரணி, தம்பி இண்ட்ராஃப் என்று பிரிந்து கிடந்த நேரம். தேர்தலுக்குப் பிறகு பேச்சு நின்றுபோன வீடுகள் எத்தனையோ. வேதமூர்த்தி துணையமைச்சராகி, கொடுத்த வாக்கு நிறைவேறவில்லை என்று 2014 தொடக்கத்தில் பதவி விலகினார். அவரை நம்பியவர்களும் நம்பாதவர்களும் தோட்டத்துப் பிள்ளைகளின் வாழ்க்கையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உறவை முறித்துக்கொண்டதால் யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை.

வதந்தியைப் பிடித்துக்கொள்வது

வாக்கு எண்ணும் இடத்தில் மின்சாரத்தை அணைத்துப் பெட்டியை மாற்றினார்கள், பல்லாயிரம் வங்கதேசத்தவர்களை விமானத்தில் இறக்கி ஓட்டுப் போடவைத்தார்கள் என்றெல்லாம் அந்த வாரம் செய்தி பறந்தது. ஓட்டுப்பதிவு நாளில் வெளிநாட்டுத் தொழிலாளி போலத் தெரிந்தவர்களை வழிமறித்துக் கேள்வி கேட்ட சம்பவங்களும் நடந்தன. பிழைக்க வந்த ஏழைகள்மேல் வெறுப்பைக் கொட்டியதுதான் அதில் கண்ட பலன்.

உண்மையான குறைகள் இல்லாமல் இல்லை. காப்பார் தொகுதியில் 1,44,000 வாக்காளர்கள், புத்ராஜெயாவில் 16,000-க்கும் குறைவு. இரண்டும் அனுப்புவது ஒரே ஒரு உறுப்பினரைத்தான். 51 விழுக்காடு எப்படித் தோற்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது. இதற்கு ஒரு வதந்தியும் தேவையில்லை, தேர்தல் ஆணையத்தின் பட்டியலே சாட்சி. விரலில் வைத்த மை கழுவினால் போனது என்பதும் எல்லாரும் பார்த்தது. அந்த மையே அம்பிகா சீனிவாசன் தலைமையில் 2011 ஜூலையில், நேர்மையான தேர்தலுக்காகப் போராடும் பெர்சே இயக்கம் நடத்திய பேரணியால் கிடைத்தது. 1,600-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள், அப்புறம் நாடாளுமன்றத் தேர்வுக்குழு அமைந்தது, அதன் பிறகுதான் மை.

ஆதாரம் இருந்தால் நேரத்தைக் கடத்தக் கூடாது. தேர்தல் மனுவுக்கு இந்தியாவில் 45 நாள்தான் கெடு. மலேசியாவில் முடிவு அரசிதழில் வெளியானதிலிருந்து 21 நாள். அந்த நாட்களை வாட்ஸ்அப் செய்தி அனுப்புவதில் செலவழித்தால் பிறகு வருந்திப் பயனில்லை.

கூட்டத்தோடு முடித்துக்கொள்வது

மே 8 அன்று கிளானா ஜெயா அரங்கம் கறுப்புச் சட்டையால் நிரம்பியது. அந்தக் கூட்டம் தேவைதான். 'நான் தனியாக இல்லை' என்று தெரிந்துகொள்வது சோர்வுக்கு நல்ல மருந்து. ஆனால் 2018-க்கு வழி போட்டது அதற்குப் பிறகு நடந்த சலிப்பூட்டும் வேலைகள். திண்டாக் மலேசியா போன்ற குழுக்கள் வாக்கு எண்ணும் முகவர்களுக்குப் பயிற்சி கொடுத்தன. எண்ணிய ஓட்டுக் கணக்கைப் பதியும் 14-ஆம் பாரத்தில் வாக்குச்சாவடி அதிகாரி கையெழுத்துப் போடாமல் இடத்தை விட்டு நகரக் கூடாது என்று சாதாரண மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்போது வாக்காளர் பதிவு தானாக நடக்காது, 21 வயதானவர் தாமே போய்ப் பதிய வேண்டும். அதற்கு ஆள் பிடித்து அழைத்துப் போனார்கள். தொகுதி எல்லையை மாற்றும்போது 100 வாக்காளர்கள் சேர்ந்தால் ஆட்சேபம் சொல்லலாம் என்ற விதியைப் பயன்படுத்தி ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கினார்கள். அந்தச் சண்டையில் தோற்றார்கள், புதிய எல்லைகள் 2018 மார்ச்சில் நிறைவேறின. ஆனால் வரைபடத்தை வாசிக்கத் தெரிந்த ஒரு பட்டாளம் நாட்டில் உருவாகியிருந்தது.

இந்த இடத்தில் சுங்கை சிப்புட் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1974-லிருந்து அந்தத் தொகுதி ம.இ.கா. தலைவர் சாமிவேலுவின் கோட்டை. மலேசிய சோசலிசக் கட்சியின் டாக்டர் மைக்கேல் ஜெயக்குமார் தேவராஜ் 1999-இல் அங்கே நின்று தோற்றார். 2004-இல் மறுபடி நின்று, முன்பைவிட மோசமாகத் தோற்றார். நாடு முழுவதும் தேசிய முன்னணி 219-க்கு 198 இடங்களை அள்ளிய தேர்தல் அது. அன்றைக்கு யாராவது 'அடுத்த முறை சாமிவேலு தோற்பார்' என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். ஜெயக்குமார் அவர் பாட்டுக்குத் தோட்டத் தொழிலாளர்களின் வீட்டுப் பிரச்சினை, சம்பளம், வெளியேற்ற நோட்டீஸ் என்று அவர்களோடு அலைந்துகொண்டிருந்தார். 2008-இல் 1,821 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

2018-இல், நாடு ஆட்சி மாற்றத்தைக் கொண்டாடிய அதே இரவில், அவர் தொகுதியை இழந்தார். பெரிய கூட்டணியில் இல்லாமல் தனியாக நின்ற கட்சி அது. அதற்குப் பிறகும் அவரும் கட்சியும் தொழிலாளர் பக்கமே நிற்கிறார்கள். தேர்தல் எப்போது வந்தாலும், முடிவு எப்படி இருந்தாலும் நிற்காத வேலை ஒன்று கையில் இருப்பவர்கள் தோல்வியில் உடைந்துபோவதில்லை என்பதை நான் அவர்களிடம்தான் பார்த்தேன்.

ஒரு தலைவருக்காகக் காத்திருப்பது, கூட வர நினைப்பவரை விரட்டுவது

2015 பிப்ரவரியில் எதிரணித் தலைவர் அன்வார் இப்ராகிம் சிறைக்குப் போனார். ஜூன் மாதத்தில் அந்தக் கூட்டணியிலிருந்த இஸ்லாமியக் கட்சியான பாஸும் ஜனநாயகச் செயல் கட்சியும் (ஜ.செ.க.) மோதிக்கொண்டு மக்கள் கூட்டணியே உடைந்தது. அவரையே நம்பியிருந்தவர்களுக்கு அது 2013-ஐவிட இருண்ட காலம். பிறகு உதவி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1987-இல் ஜ.செ.க.வின் லிம் கிட் சியாங்கை விசாரணையின்றிச் சிறையில் அடைத்த அரசின் பிரதமர் மகாதீர், 2018-இல் அதே லிம் கிட் சியாங்கோடு ஒரே மேடையில் நின்றார்.

இதை ஏற்றுக்கொள்வது எளிதாக இருந்திருக்காது. அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருந்தது என்பதும் 2020 பிப்ரவரியில் தெரிந்தது: மகாதீரின் கட்சியிலேயே பிளவு, 2018-இல் மறுபடியும் பிரதமரான அவரின் பதவி விலகல், 22 மாதத்தில் ஆட்சி கவிழ்ப்பு. ஆனாலும் ஆளும் அணியிலிருந்து விலகி வருபவரைப் பழைய கணக்குக் காட்டி வாசலிலேயே நிறுத்தியிருந்தால் 2018 வந்திருக்காது. சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு. கட்சி தாவலைத் தடுக்கும் சட்டத்தை மலேசியா 2022-இல்தான் கொண்டுவந்தது. முதலிலேயே வந்திருக்க வேண்டியது.

'அடுத்த முறை நிச்சயம்' என்பது

2013-இல் 50.87 விழுக்காடு வாங்கித் தோற்ற தரப்பு, 2018-இல் வாரிசானையும் சேர்த்துக்கூட 50-ஐத் தொடவில்லை, ஆனால் ஜெயித்தது. ஏனென்றால் பாஸ் தனியாக நின்று மும்முனைப் போட்டி ஆனது, தேசிய முன்னணியின் பங்கு 34 விழுக்காட்டுக்கு விழுந்தது. அரசு முதலீட்டு நிதியான 1எம்டிபியில் நடந்த ஊழலும், 2015-இல் வந்த 6 விழுக்காடு ஜிஎஸ்டி வரியும் அதற்குப் பின்னால் இருந்தன. 2013-இல் யாரும் இந்த வழியைக் கணித்திருக்க முடியாது. 'இன்னும் இரண்டு விழுக்காடு வந்தால் போதும்' என்று கணக்குப் போட்டவர்களின் நம்பிக்கை தவறான கணக்கின்மேல் நின்றது. எப்போது, எப்படி என்று தேதி குறித்துக்கொள்ளும் நம்பிக்கை அந்தத் தேதி தவறினதும் செத்துவிடுகிறது.

தேர்தல் ஆணையம் 14-வது பொதுத் தேர்தலை ஒரு புதன்கிழமையில் வைத்தது. வேலைநாளில் ஊருக்குப் போக முடியாதே என்று கொதிப்பு எழுந்த சில மணி நேரத்தில், முன்பின் தெரியாதவர்கள் காரில் இடம் கொடுத்தார்கள், பேருந்து டிக்கெட்டுக்குப் பணம் போட்டார்கள். வெளிநாட்டு வாக்காளர்களுக்குத் தபால் ஓட்டுச்சீட்டு தாமதமாக வந்தபோது, விமான நிலையங்களில் அந்நியர்கள் கையில் கொடுத்தனுப்பி நாட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஓட்டுக்கு மதிப்பில்லை என்று 2013-இல் சொன்ன தலைமுறையும் அதில் இருந்தது.

அந்த ஆட்சி நீடிக்கவில்லை. ஆனால் 2019 ஜூலையில் மக்களவை எதிர்ப்பே இல்லாமல் நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம் இன்றும் இருக்கிறது: ஓட்டுரிமை வயது 18, பதிவு தானாகவே. மாணவர்களாக இருந்தபோது அதற்காகக் கையெழுத்து கேட்டுத் திரிந்தவர்கள், அது நடைமுறைக்கு வந்த 2021 டிசம்பருக்குள் வேலைக்குப் போகும் வயதை எட்டியிருந்தார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் நடந்த பொதுத் தேர்தலில் அவர்களைவிட இளையவர்கள் எந்தப் பாரமும் நிரப்பாமல் போய் ஓட்டுப் போட்டார்கள்.