கூட்டம் வருவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை: உணவக மேலாளருக்கு ஆள் நிர்வாகம்

உணவக மேலாளரின் திறமையை எல்லோரும் வாடிக்கையாளர் கூட்டம் அலைமோதும் ஒன்றரை மணி நேரத்தில்தான் எடை போடுகிறார்கள். ஆனால் அந்த நேரத்தில் அவர் புதிதாகச் செய்யக்கூடியது ரொம்பக் குறைவு. எத்தனை பேர் வேலைக்கு வந்திருக்கிறார்கள், யாருக்கு என்ன தெரியும், கிச்சனும் ஹாலும் பேச்சுவார்த்தையில் இருக்கின்றனவா என்பதெல்லாம் அதற்குள் முடிவாகியிருக்கும். அதனால் இங்கே சொல்வதில் பெரும்பகுதி கடை காலியாக இருக்கும் நேரத்தில் செய்ய வேண்டியது.

ஆள் கணக்கு

60 இருக்கை உள்ள ஓர் உணவகத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 15 இருக்கைகளைக் கவனித்தால், ஒரு ஷிஃப்டுக்குப் பரிமாற 4 பேர் வேண்டும். நாளுக்கு 2 ஷிஃப்ட், வாரம் 7 நாள் என்றால் மொத்தம் 56 ஷிஃப்ட். "நாலு பேர், ரெண்டு ஷிஃப்ட், எட்டுப் பேர் போதும்" என்று நினைப்பதில்தான் சறுக்கல் ஆரம்பிக்கிறது. 8 பேரை வைத்து 56 ஷிஃப்டையும் நிரப்பினால் ஆளுக்கு 7 வருகிறது. அதாவது யாருக்கும் வார ஓய்வே இல்லை. வாரம் 6 நாள் வேலை என்றால் 56-ஐ 6-ஆல் வகுக்க வேண்டும்: 9.3 வரும், ஆக 10 பேர். 5 நாள் வேலை என்றால் 12 பேர். அந்த 10 பேரிலும் வாரத்துக்கு மிஞ்சுவது 4 ஷிஃப்ட்தான். காய்ச்சல், கல்யாணம், சம்பளத்தோடு எடுக்கும் விடுப்பு எல்லாம் அந்த நாலுக்குள் அடங்க வேண்டும்.

இதே கணக்கைக் கிச்சனுக்கும் பாத்திரம் கழுவும் இடத்துக்கும் தனித்தனியாகப் போடுங்கள். பாத்திரம் கழுவ ஒரே ஆளை வைத்துவிட்டு, அவர் வராத நாளில் பரிமாறுபவரை அங்கே அனுப்புவது பல இடங்களில் நடக்கிறது. சிறிது நேரத்தில் ஹாலிலும் ஆள் பற்றாது, தட்டும் பற்றாது.

ஆள் குறைவான கடையை விட்டு முதலில் போவது வேலை தெரிந்தவர்தான். அவருக்குத்தான் வேறு இடத்தில் உடனே வேலை கிடைக்கும்.

ரோஸ்டர்

ஊழியர் உங்கள் நிர்வாகத்தைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது பெரும்பாலும் ரோஸ்டரை, அதாவது யாருக்கு எந்த நாள் எந்த ஷிஃப்ட் என்ற அட்டவணையை வைத்துத்தான். குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்பே அதை ஒட்டிவிடுங்கள். இரவு கடை அடைப்பவரையே மறுநாள் காலை திறக்கப் போடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ஆம் ஆண்டு வேலை நேர விதி, 24 மணி நேரத்துக்குள் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் எதுவானாலும் இதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். இரவு 12 மணிக்குப் போனவர் காலை 11-க்கு முன் வரக்கூடாது.

ஷிஃப்ட் மாற்றிக்கொள்வதைத் தடுக்க வேண்டாம். ஒழுங்கு படுத்தினால் போதும். இருவரும் எழுதிக் கொடுக்க வேண்டும், முந்தைய நாள் மதியத்துக்குள் சொல்ல வேண்டும், இருவருக்கும் ஒரே வேலை தெரிந்திருக்க வேண்டும். பண்டிகை நாளில் வேலை செய்தவர் யார், ஓய்வு எடுத்தவர் யார் என்று ஒரு நோட்டில் வருஷக்கணக்காகக் குறித்து வையுங்கள். "எப்பவும் நான்தானா?" என்று ஒருவர் கேட்டால் நோட்டைத் திறந்து காட்டலாம். பல சமயம் அவர் கேட்டது சரி என்றும் அதே நோட்டு காட்டும்.

வேலைக்கு எடுப்பது

நேர்காணலில் அனுபவத்தைக் கேட்டால் எல்லோரும் நன்றாகத்தான் சொல்வார்கள். 3 அல்லது 4 மணி நேரம் சம்பளத்தோடு ஒரு சோதனை ஷிஃப்ட் கொடுங்கள். சம்பளம் இல்லாமல் வேலை வாங்குவது பல நாடுகளில் சட்டப்படி தவறு. அந்த நேரத்தில் வேகத்தைப் பார்க்க வேண்டாம், இடம் புதிது. வேலை இல்லாத ஐந்து நிமிஷத்தில் கை எதைத் தேடுகிறது என்று பாருங்கள். தெரியாததைக் கேட்கிறாரா, ஊகித்துச் செய்கிறாரா? குப்பையைத் தொட்ட பின் யாரும் சொல்லாமலே கை கழுவுகிறாரா? பாத்திரம் கழுவுபவரிடம் எப்படிப் பேசுகிறார்?

வேலையின் கஷ்டத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மற்றவர்கள் கொண்டாடும் நாளில்தான் நமக்கு வேலை அதிகம் என்பதை முதல் நாளே கேட்டு முகம் சுளித்து ஒருவர் போய்விடுவது, பத்தாம் நாள் சொல்லாமல் நின்றுவிடுவதை விட நல்லது. சம்பளம், அது வரும் தேதி, வேலை நேரம், வார ஓய்வு, டிப்ஸ் பங்கு, விலக எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் ஆகிய ஆறையும் ஒரு தாளில் எழுதி, அவருக்குப் புரியும் மொழியில் கொடுங்கள். டிப்ஸைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்காதீர்கள். ஹோட்டல், உணவக ஊழியர்களுக்காகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1991-இல் கொண்டுவந்த 172-ஆம் உடன்படிக்கை, டிப்ஸ் எவ்வளவு வந்தாலும் அடிப்படை ஊதியம் முறையாகத் தரப்பட வேண்டும் என்கிறது.

முதல் வாரம்

புதியவரைச் சனிக்கிழமை இரவில் இறக்கிவிட்டு "பார்த்துக் கத்துக்கோ" என்றால் அவர் கற்றுக்கொள்வது பதற்றத்தை மட்டும்தான். கூட்டம் குறைந்த நாளில் தொடங்குங்கள். சொல்லிக் கொடுக்க ஒரே ஒருவரை நியமித்து, அந்த வாரம் அவர் பொறுப்பில் உள்ள மேஜைகளைக் குறையுங்கள். இல்லாவிட்டால் சொல்லிக் கொடுப்பது அவருக்குத் தண்டனையாகிவிடும். முதல் நாள் மேஜை எண்களும் பொருள் இருக்கும் இடங்களும். இரண்டாம் நாள் மெனு. சுவைத்துப் பார்க்காத ஒன்றை யாராலும் விற்க முடியாது. மூன்றாம் நாள் இரண்டு மேஜை மட்டும், பக்கத்தில் ஆளோடு. மேஜைகளைக் கூட்டுவது அதன் பிறகு.

ஒவ்வாமை பற்றிய பாடத்தைத் தள்ளிப்போடக் கூடாது. வேர்க்கடலை, பால், முட்டை, கோதுமை, மீன், எள் உட்பட 14 ஒவ்வாமைப் பொருட்களை ஐரோப்பிய ஒன்றிய விதி பட்டியலிடுகிறது. எந்த உணவில் எது இருக்கிறது என்று ஓர் அட்டவணை போட்டு கவுண்டரில் மாட்டுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் "இருக்காதுங்க" என்ற பதிலே வரக்கூடாது. "ஒரு நிமிஷம், கிச்சன்ல கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பழகவையுங்கள்.

கடை திறக்கும் முன் பத்து நிமிஷம்

திறப்பதற்கு அரை மணி முன்பு, எல்லோரும் நின்றபடி, கிச்சன் ஆட்களும் சேர்ந்து ஒரு சந்திப்பு. இன்று எது இல்லை, எது குறைவாக இருக்கிறது, எதை முதலில் சொல்லி விற்க வேண்டும், எத்தனை பேர் முன்பதிவு செய்திருக்கிறார்கள், யார் எந்தப் பகுதியில், நேற்று நடந்ததில் இன்று மாற வேண்டியது எது? அவ்வளவுதான். இதில் யாரையும் பெயர் சொல்லித் திட்டாதீர்கள். திட்டு வாங்கியவர் அடுத்த மூன்று மணி நேரம் உங்கள் வாடிக்கையாளர் முன்னால்தான் நிற்கப்போகிறார்.

எல்லோரையும் பெயர் சொல்லி அழையுங்கள். செஃபை "நீங்க" என்றும் தரை துடைப்பவரை "நீ" என்றும் சொல்லும் மேலாளர், யாரை மதிக்கத் தேவையில்லை என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

கூட்டம் ஏறிய பிறகு

நீங்கள் நிற்க வேண்டிய இடம் கிச்சனிலிருந்து உணவு வெளிவரும் கவுண்டர். கிச்சன் நிலையையும் ஹால் நிலையையும் ஒரே பார்வையில் பார்க்க அதுதான் இடம். ஆர்டரை உரக்கச் சொல்வது ஒரே குரலாக இருக்கட்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஏழாம் மேஜை, ரெண்டு" என்றால் "ஏழு, ரெண்டு" என்று பதில் வர வேண்டும். பதில் வராவிட்டால் கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு சமையல் நிபுணர் ஒகுஸ்த் எஸ்கோஃபியே கிச்சனைப் பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர் என்று வகுத்த ஒழுங்குக்கு அடியில் இருப்பதும் இதுதான்: ஒரு வேலைக்கு ஒருவர் பொறுப்பு.

எங்காவது நெருக்கடி என்றால் கை கொடுங்கள், ஆனால் ஐந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். மேலாளர் அரை மணி நேரம் தட்டுக் கழுவினால் பார்க்க நன்றாக இருக்கும். அந்த நேரத்தில் கடையைப் பார்ப்பவர் யாரும் இருக்க மாட்டார். தவறு நடந்தால் அப்போது உணவை மாற்றிக் கொடுப்பது மட்டும் வேலை. "யார் செஞ்சது?" என்ற கேள்வி கடை அடைத்த பிறகு.

குறை சொல்வது

தனியாக, மறுநாளுக்குள், ஒரு விஷயம் மட்டும். "உங்களுக்குப் பொறுப்பே இல்லை" என்பது குணத்தைப் பற்றிய தீர்ப்பு. அதை வைத்துக்கொண்டு அவர் எதையும் திருத்த முடியாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நேத்து எட்டரை மணிக்கு 12-ஆம் மேஜைக்காரங்க பில் கேட்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாங்க. என்ன ஆச்சு?" பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். பில் மிஷினில் பேப்பர் தீர்ந்திருக்கும், அல்லது அவரிடம் எட்டு மேஜை இருந்திருக்கும். பாதி நேரம் பிழை ஏற்பாட்டில்தான் இருக்கும். அவர் பிழைதான் என்றால், இனி என்ன செய்வார் என்பதை அவர் வாயாலேயே சொல்லவைத்து, தேதியோடு குறித்து வையுங்கள். அதே தவறு திரும்பினால் எழுத்தில் எச்சரிக்கை, அதற்குப் பிறகே நடவடிக்கை. ஷிஃப்ட் நடுவில் யாரையும் வேலையை விட்டு அனுப்பாதீர்கள்; அடிதடி, திருட்டு, குடித்துவிட்டு வருவது போன்றவை மட்டும் விலக்கு. அப்போதும் அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, விசாரித்த பிறகு முடிவெடுங்கள்.

கல்லாவில் பணம் குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பது சுலபம். பல நாடுகளில் அதற்குச் சட்டத் தடையோ வரம்போ உண்டு. ஒரே கல்லாவை மூன்று பேர் தொட்டால் யாரைக் கேட்பது? ஒரு ஷிஃப்டுக்கு ஒரு பொறுப்பாளர், மாறும்போது இருவரும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்து.

கிச்சனும் ஹாலும்

கிச்சனுக்கும் ஹாலுக்கும் நடக்கும் சண்டையின் வேர் பெரும்பாலும் கோபக்காரச் செஃப் இல்லை. தீர்ந்துபோன உணவை ஹாலுக்குச் சொல்லாதது, தெளிவில்லாத ஆர்டர், டிப்ஸ் இந்த மூன்றும்தான். முதலாவதற்கு கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு பலகை போதும். தீர்ந்தவுடன் எழுத வேண்டியவர் செஃப். இரண்டாவதற்கு எழுதாத ஆர்டரைக் கிச்சன் ஏற்கக் கூடாது. டிப்ஸ் கொஞ்சம் சிக்கலானது. பொதுவில் சேர்த்துப் பிரிப்பதாக இருந்தால் வேலை செய்த மணி நேரத்தை வைத்துப் பிரியுங்கள், விகிதத்தைச் சுவரில் ஒட்டுங்கள், மேலாளர் அதில் பங்கு எடுக்கக் கூடாது.

உடம்பு சரியில்லை என்று போன் வந்தால்

வாந்தி, வயிற்றுப்போக்கு இருப்பவர் அறிகுறி நின்று 48 மணி நேரம் ஆகும் வரை உணவைத் தொடும் வேலைக்கு வரக்கூடாது என்பது பிரிட்டன் உட்படப் பல இடங்களில் உள்ள நடைமுறை. போனில் அவரைக் கடிந்துகொண்டால், அடுத்தவர் நோயோடு வேலைக்கு வருவார். செலவு அங்கேதான் பெரிது. "எப்ப ஆரம்பிச்சது? எப்ப வர முடியும்னு நாளைக்கு மதியத்துக்குள்ள சொல்லுங்க" என்பது போதும். மாற்று ஆளைத் தேடுவது உங்கள் வேலை, படுத்திருப்பவர் வேலை இல்லை.

புதியவரிடம் 30-ஆம் நாளும் 90-ஆம் நாளும் பதினைந்து நிமிஷம் உட்கார்ந்து பேசுங்கள்: எது சொன்னபடி இல்லை, யாரிடம் கேட்கத் தயங்குகிறார், எந்த வேலையைக் கற்க ஆசை? அதையும் மீறி விலகுபவரிடம் சாவி, சீருடை, பில் மிஷின் பாஸ்வேர்டு ஆகியவற்றைக் கடைசி நாளே வாங்கிக்கொண்டு, பாக்கிச் சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். அன்றைக்கே ரோஸ்டரையும் திருத்திவிடுங்கள்.